வட்டகொடை ஸ்டேஷன் கடையும் ஒரு தட்டுக் கேசரியும்

அன்பு மகள் பவளத்துக்கு அம்மா எழுதுவது.

உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ பாடம் சொல்லிக் கொடுக்கிற கந்தப்பளையிலிருந்து கிழங்கு லொறியில் வந்திறங்கிய உன் மாமா, "அக்கா, நம்ம டீச்சரம்மா நல்லா கன்னம் வச்சிருச்சு, நீங்க கவலையே படாதீங்க" என்று சொல்லி என் வயிற்றில் பாலை வார்த்துவிட்டுப் போனான். ஆகவே நலம் விசாரித்துத் தாளை வீணாக்கப் போவதில்லை. இங்கே உன் அப்பாவுக்கு தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தூசி பட்டுப் பட்டு இருமல். எனக்கு அவர்மேல் கோபம். இரண்டும் இன்னும் இறங்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொழுந்து எடுக்கப் போன தாய்மார் பால் கொடுக்க வருவதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். முடியும் என்று தோன்றவில்லை.

கோபத்துக்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பூண்டுலோயா தேருக்குப் போன உன் அப்பா, அங்கே ஒரு குடும்பத்தோடு பேசிவிட்டு வந்திருக்கிறார். பையன் பேர் சண்முகம். பஜாரில் துணிக்கடையில் நிற்கிறான். குடி கிடையாது, வாய் அதிகம் கிடையாது, தாயை மரியாதையாக வைத்திருக்கிறான் என்று நான் விசாரித்தவரைக்கும் நல்ல பேர்தான். அவர்கள் உன்னைக் கேட்டார்கள், இவர் தலையை ஆட்டினார். "வாக்குக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டால், "வாக்கெல்லாம் குடுக்கலை, சும்மா தலையத்தான் ஆட்டுனேன்" என்கிறார். நம் ஆட்களிடம் தலையை ஆட்டுவதற்கும் வாக்குக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? நீயே சொல்.

அதுகூடப் பெரிதில்லை. அந்தக் குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட குடும்பம். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று நம்மைப் பங்கு பிரித்துக்கொண்டார்களே, அதில் அவர்கள் அந்தப் பக்கம். நமக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிடைக்காத பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. கல்யாணம் முடித்தால் நீ அவர்களோடு தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். உன் அப்பா இதை என்னிடம் கடைசியில், சோற்றைப் பிசைந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னார். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். நம் லயத்து ஒற்றைக் காம்பரா வீட்டுக்கே வருகிறார்கள். வேறே எங்கே போவது? கடைதான் இல்லையே.

கடை என்று நான் சொன்னால் உனக்கு விளக்க வேண்டாம். வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே தகரக் கூரை போட்டு, புகை பிடித்துக் கறுத்துப் போய் நின்ற அந்தக் கடையில் நீ தின்ற தோசைக்கு அளவில்லை. ஆனால் அது பூட்டப்பட்ட நாளில் நீ இங்கே இல்லை. பரீட்சை என்று கந்தப்பளையில் இருந்தாய். வந்த பிறகும் யாரும் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. "கடையச் சாத்திட்டாங்க, முதலாளி ஊருக்குப் போயிட்டாரு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டோம். எனக்கும் அதைப் பேச வாய் வரவில்லை. இப்போது பேசித்தான் ஆக வேண்டும். ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் புரியும்.

முதலாளி ரெங்கசாமி துறையூர்ப் பக்கத்து ஆள். மீசை முளைப்பதற்கு முன்பே கப்பலேறி வந்து, யாரோ ஒருவர் கடையில் தட்டுக் கழுவி, பிறகு சொந்தமாக அடுப்புப் போட்டவர். அவர் பெண்சாதி சௌந்தரத்தக்கா பூண்டுலோயாத் தோட்டத்து லயத்திலே பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் கூடை போட்டுக் கொழுந்து எடுத்தவள்தான். அவர் சாம்பார் துறையூர்ச் சாம்பார். அவள் அரைத்தது மிளகாய் நிறையப் போட்ட நம்மூர்க் கட்டச்சம்பல், பக்கத்துச் சிங்கள வீட்டில் கற்றுக்கொண்டது. தோசைக்கு இரண்டும் வரும். இந்தியாவிலிருந்து புதிதாக வந்த ஆள் சம்பலைத் தொட்டு நாக்கைத் துருத்துவான். இங்கே பிறந்தவன் சாம்பாரை ஒதுக்கிவிட்டுச் சம்பலைக் கேட்பான். முதலாளி இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுப்பட்ட தோட்டம் அத்தனையும் அங்கேதான். தோட்டத்தில் மேல் லயத்துக்காரன் சாதி பார்த்துக் கீழ் லயத்தில் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான். கடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து தின்பான். ஒருமுறை ஒரு கங்காணி தனி இடம் கேட்டதற்கு, "கடையில பெஞ்சு இதுதாங்க. உக்கார மனசில்லைன்னா நின்னு குடிங்க, பிளேன்டி ஆறிப்போயிடும்" என்றார் முதலாளி. கங்காணி நின்றே குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தார். சொந்தக்காரனைத் தேடிக்கொண்டு ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்க மாட்டார்கள், நேரே கடைக்குத்தான் வருவார்கள். முசிறிக்காரர் மகள் எந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டில் இழவு விழுந்தது எல்லாம் சௌந்தரத்தக்காவுக்கு அத்துப்படி. நமக்கு இந்தத் தேசத்தில் சொந்தமாக ஒரு முழ நிலம் கிடையாது. ஆனால் போய் உட்கார ஓர் இடம் இருந்தது.

பெண் பார்ப்பதும் அங்கேதான். லயத்துக் காம்பராவில் பத்துப் பேர் உட்கார இடம் ஏது? அப்படியே உட்கார்ந்தாலும் வாசலில் லயமே கூடி நிற்கும். அதனால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் எதிர்ப் பக்கம் என்று கடையில் உட்கார்ந்து, சாப்பிட வந்தவர்கள் மாதிரிச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் அவ்வளவுதான் வழக்கம். ஒருநாள் இரண்டு அப்பன்மாரும் அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டபோது, அந்தப் பெண் இலையில் கண்ணீர் விட்டுக்கொண்டே தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்ததைச் சௌந்தரத்தக்கா பார்த்துவிட்டாள். அந்தக் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லையாம். மறுநாள் புருஷனிடம் சொன்னாளாம்: "இனிமே நம்ம கடையில பொண்ணு பாக்கிறதுன்னா என் முறைப்படிதான் பாக்கணும். இல்லாட்டி அவங்க காம்பராவுலயே பாத்துக்கட்டும்."

அவள் முறை என்ன? மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்திருந்தால் ஒரு தட்டுக் கேசரி வாங்கிப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும். கொண்டுபோய் வைப்பது சௌந்தரத்தக்கா, வேறு யாரும் வைக்கக் கூடாது. பெண் கேசரியைச் சாப்பிட்டால் சம்மதம். தொடாமல் வைத்திருந்தால் இல்லை. தாயோ தகப்பனோ "சாப்பிடு" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வேண்டாம் என்றால் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கப்படாது. "நல்லா சாப்பிட்டோம், வர்றோங்க" என்று கும்பிட்டுவிட்டு அவரவர் வழி. அவமானமும் இல்லை, அடிதடியும் இல்லை. முதலில் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கேசரி வைக்காமல் முடித்த கல்யாணம் என்றால், "ஏன், என்ன அவசரம்?" என்று ஊர் கேட்க ஆரம்பித்தது.

என்னையும் அங்கேதான் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் கொடி இறங்கியதற்கு முந்தின வருஷம். முதலில் வந்தவன் தலவாக்கொல்லைப் பக்கத்துக் கங்காணி மகன். தலையில் எண்ணெயோ என்னவோ பூசி, படியப் படிய வாரி, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தான். கேசரி வந்தது. நெய் வாசனை மூக்கைத் துளைக்கிறது, முந்திரிப் பருப்பு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. எனக்கோ காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. என்னைப் பெற்றவர் என் முகத்தைப் பார்க்கிறார். கங்காணி சம்பந்தம் என்றால் சும்மாவா? நான் கையைத் தாவணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். அக்கா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். போகிற வாக்கில் என் தோளை ஒரு அமுக்கு அமுக்கினாள்.

இரண்டாவது வந்தவர் உன் அப்பா. பயந்துபோய், உளுந்து வடையைச் சாம்பாரில் தோய்ப்பதற்குப் பதில் பிளேன்டியில் தோய்த்துவிட்டார். தோய்த்ததை எடுக்கவும் தெரியவில்லை, தின்னவும் தெரியவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, தின்றுவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேசரி வந்ததும் தட்டை வழித்துத் தின்றேன். "என்னைய நம்பிச் சாப்பிட்டியா, கேசரிக்குச் சாப்பிட்டியா?" என்று இன்றைக்கும் கேட்பார். நான் பதில் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த மனுஷரா இன்றைக்கு உன் சம்மதம் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தார் என்று நினைத்தால் எனக்கு எரிகிறது.

ஒரு குழந்தை எழுந்துவிட்டது. தட்டித் தூங்கவைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்?

அந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் கதையைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத முடியாது. நீ அப்போது கைக்குழந்தை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்து இறங்கியவர், கண்ணாடி போட்ட இளவட்டம், நல்ல மனுஷர். மழையில் நனைந்து ரயிலிலிருந்து இறங்கிய ஒரு தகப்பனும் தாயும் வயசுப் பெண்ணும் எதிர்ப் பெஞ்சில் வெறும் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஒரு கேசரி குடுங்கோ, நான் தாறன்" என்று சொல்லிவிட்டார். அக்கா உள்ளே இருந்தாள். பரிமாறுகிற ஆள் புதுசு, கொண்டுபோய் வைத்துவிட்டான். கடையே கப்சிப். பெண்ணின் தகப்பன் மெதுவாக எழுந்து வாத்தியாரிடம் வந்து, "தம்பி எந்த ஊரு? தாய் தகப்பன் இருக்காங்களா?" என்று கேட்கிறார். இவர், "ஓம், இருக்கினம்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். அந்தப் பிள்ளையோ பசியில் கேசரியை நோக்கிக் கையை நீட்டிவிட்டாள்! சத்தம் இல்லாத கடையைக் கண்டு பதறி ஓடி வந்த சௌந்தரத்தக்கா, எட்டித் தட்டைப் பிடுங்கி, நின்றபடிக்கே முழுக் கேசரியையும் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டு, "நான் சாப்பிட்டுட்டேன், எனக்குச் சம்மதம். வாத்தியாரு நாளைக்கே வந்து மாவாட்டட்டும்" என்றாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, "அப்ப என் கதி?" என்று கேட்க, கடை கூரை பறக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு இலை நிறையத் தோசை வந்தது. வாத்தியார் விஷயம் புரிந்து, காது சிவந்து, அடுத்த மாசம்வரை கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

இப்படி இருந்த கடை. சுதந்திரம் வந்த கையோடு நாம் யாரும் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் வந்தபோதும் கடை ஓடியது. முதலாளி குடியுரிமை கேட்டு எழுதினார், இல்லை என்றார்கள். இருந்துகொள்ளத் தற்காலிகமாக அனுமதி கொடுத்தார்கள். அது முடிய முடியக் கொழும்புக்குப் போய் நீட்டிக்கொண்டு வருவார். ரயிலிலிருந்து அவர் இறங்குகிற நடையை வைத்தே கிடைத்ததா இல்லையா என்று நாங்கள் சொல்லிவிடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயம், நடை சரியில்லை. இனி நீட்ட முடியாது, கடையை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியது என்று சொல்லிவிட்டார்களாம். தோட்டத்துச் சங்கத் தலைவர்மார் போய்க் கேட்டார்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கூட யாரிடமோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைக்கு மரக்கறி போடுகிற பண்டா மாத்தயா, "முதலாளி, யண்ட எபா, போகவேணாம்" என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு, தினமும் வந்து ஒரு கட்டு லீக்ஸ் வைத்துவிட்டுப் போனார். கடையை அவர் பேருக்கு மாற்றி நடத்தலாம் என்றுகூட யோசனை வந்தது. "அடுப்பு அவரோடதா இருக்கும், ஆனா அந்த மனுஷனுக்கு வெந்நி வைக்கவும் தெரியாதே" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தது அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். அன்றைக்கு வந்த கூட்டத்தைத் தேருக்குக்கூட நான் பார்த்ததில்லை. அந்தக் கடையில் கேசரி தின்று கல்யாணம் முடித்தவள்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். தின்னாமல் எழுந்து போனவள்களும் வந்தார்கள், அவர்களும் பிள்ளைகுட்டிகளோடுதான். தோசைக்கல் மூன்றும் ஓயவில்லை. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அக்கா பெரிய வாணலியில் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பெண் பார்ப்பது ஒன்றும் கிடையாது, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி. புகையில் யார் கண் எதற்குக் கலங்குகிறது என்று தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

"அக்கா, துறையூரு எப்படி இருக்குமாம்?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? அங்க குளிரே கிடையாதாம். இந்தக் கம்பளியெல்லாம் எதுக்குன்னு கேக்குறாரு. எனக்குக் கம்பளி இல்லாமத் தூக்கம் வருமாடி?" என்றாள். "அவரு அண்ணன் வீடாம். அவங்க மொகம் நான் பாத்ததில்லை. என் மொகம் அவங்க பாத்ததில்லை. நான் பொறந்தது, கொழுந்தெடுத்தது, பெத்ததைப் பொதைச்சது எல்லாம் இந்த மலையில. போயி அந்த ஊர்ல நான் யாருன்னு சொல்லிக்கிறது?"

அவர்களுக்கு ஒரே பிள்ளை பிறந்து தங்கவில்லை, உனக்குத் தெரியும். எனக்குத் துருவுகிற கை நின்றுவிட்டது. "நீங்க போறதுக்குச் சரின்னு சொன்னீங்களாக்கா?" என்றேன்.

அவள் கரண்டியை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என்னைய யாருடி கேட்டா? கொழும்புல கேக்கலை. அவரைக் கேட்டாங்க, அவரையும் கேக்கலை, போன்னாங்க. புருஷன் போனா பெண்டாட்டியும் போறதுதானே. அதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

பவளம், எத்தனை பெண்களுக்கு முன்னால் அவள் தட்டை வைத்திருப்பாள்! உனக்கு வேணுமா வேண்டாமா என்று நம் சனத்துப் பெண்களை முதன்முதலில் கேட்டவளே அவள்தான். அவளை ஒரு நாயும் கேட்கவில்லை. நான் தேங்காய் மூடியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன்.

முதலாளி பின்னால் நிலைப்படியில் நின்றிருந்ததை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றிருக்கிறார். வாளியைக் கீழே வைத்தார். மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். வெளியே, "முதலாளி, சாம்பாரு!" என்று கூப்பிடுகிறார்கள். அவருக்குக் காதில் விழவில்லை. அக்காவைப் பார்த்து, "சௌந்தரம், வர்றியா?" என்று கேட்டார்.

அக்கா திரும்பினாள். "வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"நானும் போகலை. புடிச்சு உள்ள வைக்கட்டும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். ரவை லேசாகக் கருகுகிற வாசனை வந்தது, அவள் கவனிக்கவில்லை. "ஆமா, வைப்பாங்க. அப்புறம் ஜெயிலுக்கு யாரு சோறாக்கிக் கொண்டாந்து குடுக்கிறது?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வர்றேங்க. ஆனா கேட்டதுக்கப்புறம் வர்றது வேற. கேக்காம இழுத்துட்டுப் போறது வேற. மொதல்லயே கேட்டிருந்தா நான் இவ்வளவு நாளு உங்க மேல கருவிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்." அவர் எழுந்து வந்து, அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி அவரே கிண்ட ஆரம்பித்தார்.

மறுநாள் ரயிலேறினார்கள். ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. பண்டா மாத்தயா அன்றைக்கும் ஒரு கட்டு லீக்ஸ் கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். கப்பலுக்கு எதற்கு லீக்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் அழுதோம். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து, "பவளத்தைப் பாத்துக்க. அதுக்குக் கேசரி நான் வைக்கணும்னு இருந்தேன்" என்றாள். அதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வந்தாலே அழுகை முந்திக்கொள்ளும். துறையூரிலிருந்து ஒரே ஒரு முறை தகவல் வந்தது: உடம்புக்கு ஒன்றுமில்லையாம், ஆனால் அங்கே அவளைச் சிலோன்காரி என்று கூப்பிடுகிறார்களாம். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரி. நமக்கு எந்த ஊரில்தான் பேர் வைத்துக் கூப்பிடுவார்களோ.

கடையில் இப்போது ஆணியும் சிமெந்தும் விற்கிறார்கள். விற்கிறவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ஆனால் ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் இன்னும் பழக்க தோஷத்தில் அந்த வாசல்வரை போய், உள்ளே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பெண் பார்ப்பது லயத்துக்குத் திரும்பிவிட்டது. நம் கடைசிக் காம்பரா லெட்சுமியைப் போன மாசம் பார்த்தார்கள். வாசலில் அறுபது கண்கள். உள்ளே மாமியார், அத்தை, சித்தப்பன், பெரியப்பன். "புடிச்சிருக்காம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? தலை ஆடியது. சம்மதத்தில் ஆடியதா, குளிரில் ஆடியதா என்று யாரும் பார்க்கவில்லை. வெற்றிலை மாற்றிவிட்டார்கள். நானும் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, கடை போனதில் நமக்குப் போனது என்ன என்று. தோசையை எங்கேயாவது தின்றுகொள்ளலாம். வேண்டாம் என்று சொல்ல நம் பெண்களுக்கு இந்த மலையில் இருந்த ஒரே இடம் போய்விட்டது.

அதனால்தான் உன் அப்பாவிடம் சண்டை பிடித்தேன். "அவ கிட்டக் கேக்காம நீங்க எப்படித் தலையாட்டலாம்? சௌந்தரத்தக்கா இருந்தா இப்படி ஆட்டியிருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் இருமினார். பிறகு, "நீயே எழுதிக் கேளு. அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்றார். பாவம், அவருக்கும் உன்னைக் கப்பலேற்ற ஆசையா? நாளைக்கு இந்த நாட்டில் இன்னும் என்ன சட்டம் வருமோ, நீயாவது ஓர் இடத்தில் நிலையாக இருக்க மாட்டாயா என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. பையன் நல்லவன் என்பதும் உண்மை. அங்கே போனால் நீ நன்றாகவும் இருக்கலாம், யார் கண்டது?

என் மனசைக் கேட்டால், நீ போக வேண்டாம் என்று அடித்துக்கொள்கிறது. இதை ஒளிக்கத் தெரியவில்லை. தலைமன்னார் தாண்டிப் போனவர்கள் யாரும் தாயைப் பார்க்கத் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. ஆனால் இது என் மனசு, இதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அப்பா ஆட்டிய தலையையும் எடுத்துக்கொள்ளாதே. தோட்டம் என்ன சொல்லும் என்றும் பார்க்காதே. நீ போகிறேன் என்று எழுதினால், நான் ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு உனக்குக் கூறைப்புடவை எடுக்க நுவரெலியாவுக்கு வருவேன். வேண்டாம் என்று எழுதினால், அந்த ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வரவே வேண்டாம், வாசலில் நின்று நானே அவர்களைக் கும்பிட்டுச் சொல்லி அனுப்புவேன். கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். இன்னும் யோசிக்க வேண்டும் என்றால் அதையும் எழுது, காத்திருக்கச் சொல்கிறேன். காத்திருக்க மாட்டாதவர்களுக்கு நீ எதற்கு?

தாய்மார் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள், சத்தம் கேட்கிறது. எங்கும் கடை இல்லை, உனக்கு முன்னால் நின்று கேட்க அக்காவும் இல்லை. ஆகவே நான் கேட்கிறேன். என் மகளே, அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போக உனக்குச் சம்மதமா?

அம்மா